ஆபீஸ் குரல்

"நீலக் கட்டை மேல மஞ்சள் கட்டையை வைக்கிற. விழாம மெதுவா வைக்கிற. நீ இவ்வளவு பொறுமையா அடுக்குறது அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

பொம்மைகள் இறைந்து கிடந்த சின்ன அறையில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் ஏழு வயது மகளிடம் இப்படிப் பேசிக்கொண்டிருந்தாள் அவள். உலகத்தில் எந்த அம்மா இப்படிப் பேசுவாள்? அவளும் பேசுகிறவள் இல்லைதான். அவள் காதுக்குள் பட்டாணி அளவில் ஒரு கருவி இருந்தது. சுவரில் பதித்த பெரிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பயிற்சியாளர் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் இந்த அறை தெரியும். இங்கிருந்து பார்த்தால் நம் மூஞ்சிதான் தெரியும். அவர் அங்கே இருந்தபடி அடியெடுத்துக் கொடுக்க, இவள் இங்கே பாடிக்கொண்டிருந்தாள்.

"பிரமாதம்மா," என்றது காது. "இன்னொரு பாராட்டு சொல்லுங்க. எதுக்காகப் பாராட்டுறீங்கன்னு சேர்த்தே சொல்லுங்க."

"மத்த பிள்ளைங்களும் விளையாடுற பொம்மையை உடைக்காம, பத்திரமா எடுத்து வச்சு விளையாடுறது ரொம்ப நல்ல விஷயம்டா," என்றாள் அவள்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். கோபுரத்தை ஒரே தட்டில் சரித்தாள். பாய்ந்து வந்து அம்மாவின் வலது கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக நெம்பிப் பிரித்து உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையிலேயே நறுக்கென்று கடித்தாள்.

"முகத்தைத் திருப்பிக்கோங்க. கண்டுக்காதீங்க. அடங்கினதும் பேசிக்கலாம்," என்றது காது.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணாடியில் தன் முகமே தெரிந்தது. கண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

பிள்ளைக்குச் சில்வண்டு என்று பெயர் வைத்தவன் அப்பன். பிறந்த அன்றே ஆஸ்பத்திரியைக் கத்தலால் நிறைத்தவள் என்று பெருமையாக வைத்த செல்லப்பெயர். ஆறு வயதில் வகுப்பில் நாற்காலியைத் தூக்கி எறிந்தபோது அந்தப் பெருமை போய்விட்டது. இரண்டு பிள்ளைகளைக் கடித்தபோது பள்ளிக்கூடமும் போய்விட்டது. "வீட்லயே வச்சுக்கோங்க, சரியானதும் கூட்டிட்டு வாங்க," என்று தலைமையாசிரியை கைகூப்பினார். டாக்டர் பார்த்துவிட்டு மருந்தெல்லாம் வேண்டாம் என்றார், பெற்றோருக்கான பன்னிரண்டு வாரப் பயிற்சி இருக்கிறது, போங்கள் என்றார்.

"கோளாறு பிள்ளைக்கு, பயிற்சி எனக்கா? நல்லா இருக்கு நியாயம்!" என்று வீட்டுக்கு வந்து குதித்தாள் அவள்.

"போய்த்தான் பாரேன்," என்றான் கணவன். அவன் ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்குகிற வண்டி ஓட்டுகிறவன். அதிகம் பேச மாட்டான்; பேசினால் ஆணி அடித்த மாதிரி இருக்கும். "பன்னெண்டு வாரம் பாப்போம். சரியாகலன்னா அந்த உறைவிடப் பள்ளியில சேத்துடலாம். இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னே நடத்துறாங்களாம். ரெண்டாவது பாப்பா இப்பத்தான் தவழுது. ஒண்ணுக்காக இன்னொண்ணைப் பலி குடுக்க முடியாது."

அந்தப் பள்ளி ரயிலில் நாலு மணி நேரத் தொலைவு. சேர்த்தால் முதல் மூன்று மாதம் பெற்றோர் எட்டிப் பார்க்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் போன். அவ்வளவுதான். அதைக் கேட்ட மறுநாளே பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டாள் அவள்.

பயிற்சியில் அவள் சக்கைப் போடு போட்டாள். அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அவள் வேலையைச் சொல்ல வேண்டும். வாஷிங் மெஷின் விற்கிற ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் எட்டு வருஷமாகப் போனில் பேசுகிறவள். பாப்பா பிறந்த பிறகு வீட்டிலிருந்தே பார்க்கச் சொல்லிவிட்டார்கள். படுக்கையறை மூலையில் ஒரு மேஜை, கம்ப்யூட்டர், தலையில் ஹெட்போன். நாள் முழுக்க வசவு வாங்குவதுதான் வேலை. வசவுக்கு வசவு தேன் குழைத்துப் பதில் சொல்ல வேண்டும்.

"மெஷினுக்குள்ள ஈரக் கம்பளத்தைத் திணிச்சீங்களா சார்? அதை மறைக்காம சொன்னதுக்கு ரொம்ப நன்றி சார். நீங்க இவ்வளவு விவரமா சொன்னது எங்களுக்குப் பெரிய உதவி சார். ஒரு நிமிஷம் லைன்லயே இருங்க."

இதைச் சொல்லிவிட்டு ஹெட்போன் வயரில் தொங்கும் சின்ன பட்டனை அமுக்குவாள். சிவப்பாக ஒரு பொட்டு விளக்கு எரியும். எரிந்தால் இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்காது. உடனே ஆரம்பிப்பாள்: "சனியன் பிடிச்சவனே! கம்பளத்தைப் போட்டு மெஷினைக் கெடுத்துட்டு எங்கிட்ட வந்து குரைக்கிறியா? உன்னைக் கட்டிக்கிட்டவ என்ன பாவம் பண்ணாளோ! தொலைஞ்சு போயேன்டா!" மறுபடி பட்டன். விளக்கு அணையும். "காத்திருந்ததுக்கு நன்றி சார்." மறுபடி தேன்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு எண்பது பேரிடம் திட்டு வாங்கிவிட்டு எங்கேயாவது துப்ப வேண்டாமா? நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் பள்ளிக்கூடம் இல்லாத சில்வண்டு எங்கே இருந்தாள் என்று கேளுங்கள். அதே மேஜைக்கு அடியில், அம்மாவின் கால்மாட்டில், நாள் முழுக்க. எச்சில் தொட்டுப் பென்சிலால் தரையில் கோடு போட்டுக்கொண்டு, மேலே எரிந்து அணையும் சிவப்புப் பொட்டைப் பார்த்துக்கொண்டு.

அதை யாருமே யோசிக்கவில்லை. அவளும் யோசிக்கவில்லை.

பயிற்சி என்ன கேட்டது? பிள்ளை செய்வதை எடுத்துச் சொல், பிள்ளை சொல்வதைத் திருப்பிச் சொல், காரணத்தோடு பாராட்டு. கேள்வி கேட்காதே, ஏவாதே, குறை சொல்லாதே. குரல் ஒரே சீராக இருக்கட்டும். அட, இது அவளுக்கு எட்டு வருஷப் பிழைப்பாயிற்றே! மற்ற பெற்றோர் ஐந்து நிமிஷத்தில் நாலு பாராட்டுச் சொல்வதற்குள் தண்ணீர் குடித்தார்கள். இவள் பதினாறு சொன்னாள். "என் அனுபவத்துல இவ்வளவு சீக்கிரம் யாரும் இப்படிப் பேசிப் பாத்ததில்ல," என்று பயிற்சியாளரே அசந்துபோனார்.

ஆனால் இவள் பாராட்டப் பாராட்டப் பிள்ளை மோசமாகிக்கொண்டே போனாள். தட்டில் போட்டதைச் சிந்தாமல் சாப்பிட்டதைப் பாராட்டினால் தட்டு பறந்தது. செருப்பை வரிசையாக வைத்ததைப் பாராட்டினால் செருப்பு ஜன்னலுக்கு வெளியே போனது. ஒவ்வொரு தடவையும் ஓடி வந்து கையை நெம்பிப் பிரித்துப் பார்ப்பாள், கழுத்தைத் தடவுவாள், சட்டைக்குள் துழாவுவாள். இவளோ பிறாண்டுகிறாள் என்று நினைத்து விலக்கி விடுவாள். அதிசயம் என்னவென்றால், பொறுமை கெட்டு, "ஏய், எருமை! அறைஞ்சேன்னா பாரு!" என்று இவள் ஒரு நாள் கத்தியபோது சில்வண்டு சட்டென்று அடங்கி, வந்து மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். அன்றைக்குக் கத்திவிட்டோமே என்று இவள் கூனிக் குறுகிப்போனாள். பயிற்சியில் அதை ஒத்துக்கொண்டு அழவும் செய்தாள்.

"பரவாயில்லம்மா. ஆரம்பத்துல கொஞ்சம் கூடத்தான் செய்யும், அப்புறம் இறங்கும். நீங்க விட்டுறாம தொடர்ந்து செய்யுங்க," என்றார் பயிற்சியாளர். அவர் சொன்னதிலும் தப்பில்லை. மேஜைக்கு அடியில் என்ன நடந்தது என்று அவருக்கு யார் சொன்னது?

பத்தாவது வாரம் அது நடந்தது. இவள் இரண்டு போனுக்கு நடுவில் ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். பாப்பா மேஜைக்குப் பக்கத்தில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. சில்வண்டு தானாகவே எழுந்து போய், விலகிக் கிடந்த போர்வையை இழுத்து, பாப்பாவின் கால் வரைக்கும் போர்த்திவிட்டாள். பார்த்தவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இதற்காகத்தானே பத்து வாரம்! சொல்லிக் கொடுத்தது போலவே, சீரான குரலில் சொன்னாள்.

"பாப்பாவுக்குக் குளிரக் கூடாதுன்னு நீயா போர்த்திவிட்டது ரொம்ப ரொம்ப அழகா இருந்துச்சுடா கண்ணு."

சில்வண்டு திரும்பினாள். முகம் வெளிறிவிட்டது. பாய்ந்து வந்து ஹெட்போன் வயரைப் பிடித்து இழுத்தாள். இவள் பயந்து பின்னால் சாய்ந்தாள். வயரோடு சேர்ந்து மேஜை மேல் இருந்த கனத்த ஸ்பீக்கர் பெட்டி சரிந்து பாப்பாவின் நெற்றியில் விழுந்தது.

மூன்று தையல். கண்ணுக்கு ஒரு விரல் மேலே.

கணவன் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உறைவிடப் பள்ளிக்குப் போன் போட்டான். இடம் இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து விடச் சொன்னார்கள். பாப்பாவின் நெற்றிக் கட்டைப் பார்த்தபோது, ஒரு கணம், ஒரே ஒரு கணம், போகட்டும் சனியன் என்று அவளுக்கே தோன்றியது. பெற்ற வயிறு அப்படி நினைத்ததே என்று அடுத்த கணம் வயிற்றில் அறைந்துகொண்டாள். இருந்தாலும் நினைத்தது நினைத்ததுதான்.

வியாழக்கிழமை கடைசியாக ஒரு தடவை பயிற்சிக்கு வரச் சொன்னார் பயிற்சியாளர். இவளும் போனாள். காதில் பட்டாணியைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பிள்ளை எந்த விளையாட்டைச் சொல்கிறதோ அதையே நாமும் விளையாட வேண்டும். அது அங்கே சட்டம்.

"ஆபீஸ் விளையாட்டு," என்றாள் சில்வண்டு.

"ஆபீஸ் விளையாட்டு விளையாடப் போறோம்," என்று திருப்பிச் சொன்னாள் இவள்.

சில்வண்டு ஒரு பொம்மைத் தட்டை மேஜையாக வைத்தாள். தலைமுடி வளையத்தை ஹெட்போன் மாதிரி தலையில் மாட்டிக்கொண்டாள். பொம்மைக் குவியலில் தேடித் தேடி ஒரு சிவப்புக் கட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பிறகு வாயைத் திறந்தாள். திறந்ததும் வந்தது அம்மாவின் குரல். அட்சரம் பிசகாத ஆபீஸ் குரல்.

"வணக்கம். நீங்க கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றி. நீங்க கட்டையைப் பொறுமையா அடுக்குறது ரொம்ப நல்லா இருக்கு. பாப்பாவுக்குப் போர்த்திவிட்டது ரொம்ப ரொம்ப அழகா இருக்கு. ஒரு நிமிஷம் லைன்லயே இருங்க."

சிவப்புக் கட்டையை அமுக்கினாள்.

"சனியன் பிடிச்சவளே! உன்னைப் பெத்தவ என்ன பாவம் பண்ணாளோ! தொலைஞ்சு போயேன்டி!"

கட்டையை விட்டாள். "காத்திருந்ததுக்கு நன்றி."

கேள்வி கேட்கக் கூடாது என்ற சட்டத்தை மீறி இவள் கேட்டாள்.

"லைன்ல யாரு கண்ணு?"

"நான்தான்," என்றாள் சில்வண்டு. "நீ நல்லாப் பேசினா பட்டனை அமுக்கிட்டுத் திட்டுவல்ல. எங்கிட்டப் பேசும்போது பட்டனை எங்க வச்சிருக்கன்னுதான் தெரியல. நான் தேடித் தேடிப் பாக்குறேன்."

இவள் காதிலிருந்த கருவியைப் பிடுங்கி எறிந்தாள். மகளின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். "இல்லடி! உனக்குப் பட்டனே இல்லடி! சத்தியமா இல்ல! நான் நெசமாத்தான் சொன்னேன், எல்லாமே நெசமாத்தான்டி!"

"அப்ப ஏன் அந்தக் குரல்ல சொன்ன?"

என்ன பதில் சொல்வாள்? சொல்லிக் கொடுத்தார்கள் என்பதா? உன்னை ஊருக்கு அனுப்பாமல் இருக்க வேண்டுமே என்று தெரிந்த குரலில் மிக நல்ல குரலாகப் பார்த்துப் போட்டேன் என்பதா? மகளை இழுத்து அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். சில்வண்டு அந்த அழுகையைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். "அவளுக்கு ஒண்ணுமே இல்லங்க. எல்லாம் என் குரலாலதாங்க. ஒரு மாசம் குடுங்க, நான் சரி பண்ணிடுறேன்."

அவன் பாப்பாவின் நெற்றிக் கட்டைக் காட்டினான். "பள்ளிக்கூடத்துல நாற்காலியை எறிஞ்சதும் உன் குரலாலயா? பாப்பாவுக்கு ஒரு விரல் கீழ பட்டிருந்தா கண்ணு போயிருக்கும். நான் அப்பன் இல்லையா? எனக்கு மட்டும் ஆசையா?" என்றான். "மூணு மாசம்தானே. போயிட்டு வரட்டும்."

அவன் சொன்னது பொய் என்றால் சண்டை போட்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை படிவத்தில் அவன் கையெழுத்துக்குக் கீழே அவளும் கையெழுத்துப் போட்டாள்.

முதல் வாரம் முழுக்க அவள் பேச்சை ஒத்திகை பார்த்தாள். இந்தப் பத்து நிமிஷத்தில் தேன் குரல் தப்பித் தவறியும் வந்துவிடக் கூடாது. சமையலறையில் நின்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். எட்டு வருஷமாகத் தொண்டையில் உட்கார்ந்துகொண்ட குரல் லேசில் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மணி பதினொன்று அடித்ததும் செல்போன் ஒலித்தது. பாப்பாவைக் கணவனிடம் கொடுத்துவிட்டுப் படுக்கையறைக்குள் ஓடினாள்.

"சாப்பிட்டியாடி?" என்றாள்.

"ம்."

"தூங்குறியா?"

"ம்." பிறகு சில்வண்டு சின்னக் குரலில் சொன்னாள். "அம்மா, என்னைத் திட்டு."

"என்னது?"

"இங்க எல்லாரும் நல்லாவே பேசுறாங்க. நீ திட்டும்மா. ஒரு தடவை."

வாயைத் திறந்தாலே வசவு கொட்டுகிறவளுக்கு, பிள்ளை கேட்டபோது ஒரு வசவு வரவில்லை. 'எருமை' என்று சொல்ல நினைத்தாள். 'எ' என்ற எழுத்தோடு விம்மல் வந்தது. ஏழு வயதுப் பிள்ளை, அம்மா இல்லாத ஊரில், தன் அழுகையைக் கேட்டு மிரண்டுவிடப் போகிறதே என்று பயந்தாள். பயந்த மாத்திரத்தில் கட்டை விரல் தானாகப் போய் செல்போனில் மியூட்டை அமுக்கிவிட்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இது எட்டு வருஷச் சோற்றுப் பழக்கம். அமுக்கிவிட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதாள். சில விநாடிதான். பத்து விநாடிகூட இருக்காது.

"அம்மா," என்றது போன். "பட்டனை அமுக்கிட்டியா?"

அவள் பதறி நிமிர்ந்தாள். கண்ணீரில் திரை தெரியவில்லை. விரல் வழுக்கியது. எதையோ அமுக்கினாள், வேறு எதுவோ திறந்தது, மறுபடி அமுக்கினாள். "இல்லடி! இல்லடி எருமை! அழுதேன்டி, அழத்தான்டி அமுக்கினேன்! கேக்குதா? ஏய், கேக்குதாடி?"

"சொல்லுங்கம்மா," என்றது ஒரு பெரிய மனுஷியின் குரல். வார்டன். "உங்க பொண்ணு பேசி முடிச்சுட்டாங்க போல. போனைக் குடுத்துட்டு உள்ள போயிட்டாங்க."

"முடிக்கலைங்க! கூப்பிடுங்க அவளை! தப்பா நினைச்சுக்கிட்டா அவ! நான் திட்டலைங்க, அழுதேன், அதை மட்டும் சொல்லணும். ஒரு நிமிஷங்க, உங்க கால்ல விழறேன்!"

"உங்க வேதனை எங்களுக்கு நல்லாப் புரியுதும்மா. ஒரு நிமிஷம் லைன்லயே இருங்க."

சத்தம் நின்றது. நடக்கிற சத்தம் இல்லை, கதவுச் சத்தம் இல்லை, தூரத்துப் பிள்ளைகளின் இரைச்சல்கூட இல்லை. இந்த அமைதி எப்படி உண்டாகும் என்று அவளுக்குத் தெரியும். எத்தனையோ ஆயிரம் பேரை இந்த அமைதிக்குள் நிற்க வைத்தவள் அவள். அப்போதெல்லாம் இந்தப் பக்கம் என்ன பேசினோம் என்பதும் ஒரு வார்த்தை விடாமல் நினைவிருந்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மறுமுனையில் இப்போது தன்னை என்ன சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று கேட்க முயன்றபடி நின்றாள்.

வார்டன் திரும்பி வந்தார். குரல் சீராகவும் இனிமையாகவும் இருந்தது.

"இன்னைக்கு வர மாட்டேங்குறாங்கம்மா. அடுத்த ஞாயித்துக்கிழமை பாக்கலாம். நீங்க இவ்வளவு பொறுமையா காத்திருந்தது ரொம்ப நல்ல விஷயம்மா. நீங்க ரொம்ப நல்ல அம்மா."

அவள் அதில் ஒரு வார்த்தையையும் நம்பவில்லை.